உற்பத்திக் கம்பனிகளில் கணக்கைத் திரிக்க வைப்பது எது? வன்னி ஆலைகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியை ஒட்டியும், மன்னார், முல்லைத்தீவுப் பக்கமும் அரிசி ஆலை, ஐஸ் ஆலை, தையல் தொழிற்சாலை, சீமெந்துக் கல் அறுக்கும் இடம், கடலுணவு பதனிடும் நிலையம் என்று பல உண்டு. அவற்றை நடத்துவோர், பணம் போட்டோர், கணக்கு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்களில் வரும் விலைகளும் தொகைகளும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை.

பிழையாக எழுதுவதும் திரிப்பதும் ஒன்றுதானா?

இல்லை. பெப்ரவரிப் பில்லை மார்ச்சில் பதிந்தால் அது பிழை. மார்ச் இலாபம் குறைவாக நிற்கிறது என்பதற்காக ஏப்ரல் விற்பனைப் பில்லை மார்ச்சுக்கு இழுத்தால் அது திரிப்பு. பேரேட்டில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், நோக்கத்தில்தான் வேறுபாடு. நோக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிழைகள் இரண்டு பக்கமும் விழும், ஒன்று இலாபத்தைக் கூட்டினால் இன்னொன்று குறைக்கும். பத்துப் “பிழை”யும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அவற்றைத் தவறுதல் என்று எடுக்க முடியாது.

கடையைவிட ஆலையில் திரிப்பது இலகு என்கிறார்களே, ஏன்?

கடைக்காரர் 100 ரூபாவுக்கு வாங்கிய சவர்க்காரம் இருப்பிலும் 100 ரூபாதான். ஆலையில் அப்படியில்லை. மூலப்பொருள், பாதி முடிந்த பொருள், முடிந்த பொருள் என்று இருப்பு மூன்று நிலையில் கிடக்கும். பாதி முடிந்ததற்கு எத்தனை சதவீதம் முடிந்தது, எவ்வளவு கூலி ஏறியது, மின்சாரத்தில் எவ்வளவு பங்கு, கழிவு எவ்வளவு என்று ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் மதிப்பிட்டு எண் போடுகிறார். அந்த மதிப்பீட்டுக்குள்தான் கை வைக்க இடம் இருக்கிறது. போதாக்குறைக்கு நெல் காயும், ஐஸ் உருகும், இறாலுக்குத் தலை போகும். குறைவுக்கு நியாயமான காரணம் எப்போதும் கைவசம் இருக்கும் தொழிலில் பொய்க் காரணமும் அதே வரிசையில் நின்றுவிடும்.

இலாபத்தைக் கூட்டிக் காட்டுவார்களா, குறைத்துக் காட்டுவார்களா?

முதலில் யார் வாசிக்கப் போகிறார் என்று கேளுங்கள்.

வங்கி வாசிப்பதென்றால் கூட்டுவார்கள். மேலதிகப் பற்றைப் (கணக்கில் உள்ளதைவிடக் கூட எடுக்க வங்கி விடும் கடனை) புதுப்பிக்க வேண்டும், அடைமானம் வைத்த நெல்லுக்கு மாதாந்த இருப்பு அறிக்கை கொடுக்க வேண்டும், இருப்புக் குறைந்தால் எடுக்கக்கூடிய கடனும் குறையும். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வாசிப்பதென்றால் குறைப்பார்கள். உற்பத்திக் கம்பனிகளுக்கு முன்பு இருந்த 18 சதவீத வருமான வரி 2022 ஒக்டோபரிலிருந்து 30 ஆனது. வற் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். வீதம் ஏறும்போது மறைப்பதன் ஆதாயமும் ஏறுகிறது.

கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பங்காளி வாசிப்பதென்றால் பெரும்பாலும் குறைப்பார்கள், பங்கு பிரிக்கும் தொகை சிறுக்கும் என்பதால். அதே பங்காளியிடம் இன்னொரு தவணைப் பணம் கேட்கிற வருடமென்றால் கூட்டுவார்கள். வன்னியில் இந்த வகை நிறைய. பணம் போட்டவர் தூரத்தில், ஆலையை நடத்துபவர் சொந்தக்காரர், வெளிப்படையாகக் கேட்டால் மச்சான் மனம் நோவார் என்ற தயக்கம். கண்காணிப்பு இல்லாமல் போவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பெரிய தொழிற்சாலைக் கிளைகளில் முகாமையாளரின் ஊக்கத்தொகை இலக்கோடு கட்டப்பட்டிருக்கும். இலக்கு எட்டாத மாதம் கூட்டுவார்கள். இலக்கு ஏற்கெனவே தாண்டிவிட்ட மாதம் மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு ஒளித்து வைப்பார்கள். இந்த இரண்டாவதைப் பலர் குற்றமாகவே நினைப்பதில்லை.

சட்டமும் சில வேளை தூண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 220ஆம் பிரிவின்படி, தேறிய சொத்து (சொத்திலிருந்து கடனைக் கழித்தது) கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகப் பெற்ற பணத்தின்) பாதிக்குக் கீழே போனது பணிப்பாளர்களுக்குத் தெரியவந்தால் 20 வேலை நாட்களுக்குள் பங்குதாரரின் விசேட பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டத்தைத் தவிர்ப்பதற்காகவே ஐந்தொகையில் ஒரு சொத்தை ஊதிவிடுபவர்கள் உண்டு.

ஒரே ஆண்டுக்கு வங்கிக்கு ஒன்று, வரிக்கு ஒன்று என இரண்டு கணக்கு வைத்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: மார்ச் 31இல் களஞ்சியத்தில் எத்தனை கிலோ இருந்தது? இரண்டு கணக்கிலும் இரண்டு விடை வரும்.

மார்ச் 31ஐ ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

எங்கள் காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் முடிகிறது. வரி ஆண்டும் மார்ச் 31இல் முடிகிறது. அதாவது அரிசி ஆலையின் களஞ்சியம் வருடத்திலேயே அதிகம் நிரம்பியிருக்கும் நாளில் கணக்கை மூடுகிறோம். இருப்பு மிகப் பெரிய எண்ணாக இருக்கும் நாளில் அதில் 5 சதவீதம் அசைத்தாலே முழு வருட இலாபமும் அசையும்.

முடிவிருப்பை 10 இலட்சம் கூட்டிக் காட்டினால், விற்ற பொருளின் கிரயம் 10 இலட்சம் குறையும், இலாபம் அவ்வளவால் ஏறும். ஆனால் இந்த வருட முடிவிருப்புத்தான் அடுத்த வருடத் தொடக்க இருப்பு. அங்கே அதே 10 இலட்சம் இலாபத்தைத் தின்னும். சமாளிக்க அடுத்த மார்ச்சில் மறுபடி 10 ஊத வேண்டும், கொஞ்சம் நல்ல வருடம் போலக் காட்டவும் வேண்டுமென்றால் 15. மூன்றாம் வருடம் 20. உண்மையில் விற்பனை கூடாமல் இருப்பு மட்டும் வருடா வருடம் பருத்துக்கொண்டு போகும் ஆலைக் கணக்கைக் கண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நெல் காய்ந்து நிறை குறைந்தது என்று சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது?

காய்வதற்குக் கணக்கு இருக்கிறது, ஊகம் தேவையில்லை. 20 சதவீத ஈரப்பதனில் வந்த 100 கிலோ நெல்லில் உலர் பொருள் 80 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவிட்டால் 80ஐ 0.86ஆல் வகுக்க வேண்டும்: 93 கிலோ. ஆக நியாயமான இழப்பு 7 கிலோ. 18 சதவீதத்தில் வந்திருந்தால் இழப்பு 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சிந்தியது, எலி, பறவை என்று மேலும் ஒன்று விடலாம். 12 கிலோ குறைந்தது என்று ஒருவர் எழுதினால், நெல் வாங்கிய அன்று மானி காட்டிய ஈரப்பதனைப் பதிந்த புத்தகத்தைக் கேளுங்கள். அப்படியொரு புத்தகமே இல்லையென்றால் அந்த 12க்கு ஆதாரம் இல்லை.

பிறகு அரைத்ததைப் பாருங்கள். நெல்லில் உமி ஏறக்குறைய 20 சதவீதம், தவிடு 6 முதல் 10 வரை, அரிசி குருணலோடு சேர்த்துப் பெரும்பாலும் 62 முதல் 68 வரை. இனத்தையும் பொறியையும் பொறுத்து மாறும், ஆனால் ஒரே ஆலையில் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது.

இதில் தவிடுதான் நல்ல சாட்சி. அரிசியைப் பற்றி எல்லோரும் யோசித்துக் கணக்கைச் சரிசெய்து வைப்பார்கள். தவிடு மாட்டுக்காரருக்கும் கோழிப் பண்ணைக்கும் காசுக்குப் போகும், அதன் கொப்பி ஒரு மூலையில் தனியே கிடக்கும். அந்தக் கொப்பியில் வருடம் 80 தொன் தவிடு விற்றதாக இருந்து, கொள்வனவில் 600 தொன் நெல் மட்டும் இருந்தால், மிச்சத் தவிடு எந்த நெல்லிலிருந்து வந்தது? 80 தொன் தவிட்டுக்குக் குறைந்தது 800 தொன் நெல்லாவது அரைபட்டிருக்க வேண்டும். கணக்கில் ஏறாத 200 தொன் நெல்லும் அதன் அரிசியும் எங்கே போனது என்பது அடுத்த கேள்வி.

மின்பில்லும் உதவும். மாத அலகை அரைத்த தொன்னால் வகுத்து பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதுங்கள். மின்வெட்டில் ஜெனரேட்டர் ஓடிய மாதங்களுக்கு டீசல் பில்லையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஒரு பாவமும் அறியாத ஆலையைச் சந்தேகிப்பீர்கள். ஐஸ் ஆலைக்கு இது இன்னும் பொருந்தும், அங்கே செலவில் மின்சாரம்தான் பெரிய பங்கு.

மேந்தலைக் கிரயத்தை வைத்து எப்படி இலாபத்தை ஊதுகிறார்கள்?

மேந்தலை என்பது வாடகை, மேற்பார்வைச் சம்பளம் போல, எந்த ஒரு பொருளோடும் நேரே ஒட்டாத செலவு. அதை வைத்து ஊதுவது படித்தவர்கள் செய்வது, களஞ்சியத்தில் ஒரு மூடைகூட அசையாது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2இன்படி, நிலையான மேந்தலையைச் சாதாரண கொள்ளளவை வைத்துத்தான் ஒரு அலகுக்குப் பங்கிட வேண்டும். உற்பத்தி குறைந்த வருடத்தில் மிஞ்சும் பகுதி நேரே செலவாகப் போக வேண்டும்.

ஒரு தையல் தொழிற்சாலையின் நிலையான மேந்தலை 60 இலட்சம், சாதாரண கொள்ளளவு 20,000 உடுப்பு என்று வையுங்கள். ஒன்றுக்கு 300 ரூபா. இந்த வருடம் கட்டளை குறைந்து 15,000 மட்டும் தைத்தார்கள். 60 இலட்சத்தை 15,000ஆல் வகுத்து 400 என்று போட்டுவிடுவார்கள். வருட முடிவில் 4,000 உடுப்பு கையிருப்பு. 100 ரூபா வீதம் 4 இலட்சம், செலவாகியிருக்க வேண்டியது, ஐந்தொகையில் சொத்தாக உட்கார்ந்துவிடும். வேலையில்லாமல் நின்ற இயந்திரத்தின் வாடகையைச் சட்டைக்குள் வைத்துத் தைத்த கதைதான்.

மறுபக்கமும் உண்டு: வாங்க ஆளில்லாவிட்டாலும் அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்து, மேந்தலையை அதிக அலகுகளுக்குப் பரப்பி, இருப்புக்குள் தள்ளுவது. நியமத்தின் எழுத்துக்கு இது ஒத்தேகூடப் போகலாம். அப்போது தேறிய தேறத்தக்க பெறுமதியைக் கேளுங்கள்: விற்கக்கூடிய விலை, கழி முடிக்கும் செலவு, கழி விற்கும் செலவு. கிரயத்தைவிட அது குறைவென்றால் அந்தக் குறைந்த எண்ணில்தான் இருப்பைக் காட்ட வேண்டும்.

விற்பனையில் செய்யும் திரிப்புக்கு உதாரணம் உண்டா?

உலகறிந்தது சன்பீம். அமெரிக்க வீட்டுப் பாவனைப் பொருள் உற்பத்திக் கம்பனி. 1997இல் குளிர்காலத்திலேயே இறைச்சி வாட்டும் அடுப்புகளைக் கடைகளுக்கு “விற்றது”. பொருள் நகரவில்லை, காசும் பிறகுதான். அதற்கு முந்திய ஆண்டில் வரப்போகும் செலவுக்கென்று தேவைக்கு மிஞ்சி ஏற்பாடுகள் ஒதுக்கி வைத்து, பிறகு அவற்றை இலாபமாக அவிழ்த்தும் விட்டது. 1997க்குக் காட்டிய 18.9 கோடி டொலர் இலாபத்தில் குறைந்தது 6 கோடி பொய் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு 2001இல் குற்றஞ்சாட்டியது.

இங்கே அளவு சிறிது, வழி அதுவே. மார்ச் 29இல் ஒரு லொறி சரக்கு யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரிக்குப் பில் போடப்படும், ஏப்ரல் 6இல் “திரும்பி வந்தது” என்று அந்தப் பில்லை நீக்கும் வரவுக்குறிப்பு எழுதப்படும். ஆகவே ஏப்ரல் முதல் மூன்று வாரத்தின் வரவுக்குறிப்புகளைப் பாருங்கள், லொறி வெளியே போன கேற் கொப்பியைப் பாருங்கள், சாரதிக்குக் கொடுத்த டீசல் காசைப் பாருங்கள். பில்லில் லொறி போயிருக்கும், கேற் கொப்பியில் போயிராது.

பெரிய கம்பனிகளில் மேலிடத்து அழுத்தம் என்ன செய்யும்?

ஜப்பானிய மின்னணுப் பொருள் கம்பனியான தோஷிபாவைப் பாருங்கள். 2015இல் சுயாதீனக் குழு விசாரித்தபோது ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் 15,180 கோடி யென் அளவுக்கு இலாபம் ஊதப்பட்டிருந்தது தெரிந்தது. மேலிருந்து எட்ட முடியாத இலக்கு வரும், அதற்கு “சவால்” என்று பெயர். முடியாது என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. கணினிப் பிரிவில் உதிரிப்பாகங்களை ஒப்பந்த உற்பத்தியாளருக்குக் கொள்வனவு விலையைவிட மிக உயர்த்திக் கொடுத்து, காலாண்டு முடிவில் அந்த வித்தியாசத்தை இலாபமாகக் காட்டினார்கள். களவாளிகளைத் தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார். இலக்கைத் தேடினால் அகப்படும்.

டொனால்ட் கிரெசி என்ற குற்றவியலாளர் கையாடல் செய்தவர்களை ஆராய்ந்து சொன்னவற்றிலிருந்து அழுத்தம், வாய்ப்பு, நியாயப்படுத்தல் என்ற முக்கோணம் வந்தது. எங்களிடம் 2022இல் மூன்றும் ஒன்றாக வந்தன. டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது, ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது, உரமும் டீசலும் கிடைக்கவில்லை. விலை நாளுக்கு நாள் மாறியதால் எந்த விலையில் இருப்பை மதித்தாலும் ஒரு விளக்கம் சொல்ல முடிந்தது. “நாடே இப்படி, நாங்கள் மட்டும் என்ன” என்பதும் நியாயமாகப் பட்டது. அந்த வருடத்தில் ஊதிய இருப்பைப் பிறகும் இறக்காமல் சுமப்பவர்கள் இருக்கிறார்கள்.

திருத்த வேலையைச் சொத்தாக்குவது பிழையா?

ஆலையில் தேய்ந்த இறப்பர் உருளையை மாற்றுவது செலவு. பொறியின் கொள்ளளவைக் கூட்டும் புது உமி நீக்கியைப் பொருத்துவது சொத்து. சிக்கல் பெறுமானத்தேய்வில்தான், அதாவது பொறியின் விலையை அதன் ஆயுள் வருடங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவதில்தான் அதிகம்: 10 வருடம் என்று எழுதிய பொறியை, இலாபம் குறைந்த வருடத்தில் திடீரென்று 20 வருடம் ஆக்குவார்கள். பொறியியலாளரின் கடிதம் ஒன்றாவது கோப்பில் இருக்க வேண்டும்.

கணக்காய்வாளர் கையொப்பமிட்ட கணக்கிலும் எப்படி இது தப்புகிறது?

கணக்காய்வாளர் தருவது நியாயமான உறுதி, பூரண உத்தரவாதம் அல்ல. முகாமையும் களஞ்சியப் பொறுப்பாளரும் சேர்ந்து செய்தால் கண்டுபிடிப்பது கடினம் என்று கணக்காய்வு நியமம் 240உம் ஒப்புக்கொள்கிறது. இருப்பை நேரில் பார்ப்பதே 1938இல் மக்கெஸன் அன்ட் றொபின்ஸ் என்ற மருந்துக் கம்பனியில் இல்லாத இருப்பு வெளியான பிறகுதான் அமெரிக்காவில் கட்டாயமானது.

பார்ப்பதிலும் விதம் உண்டு. களஞ்சியத்தில் 10 மூடை நீளம், 8 மூடை அகலம், 15 அடுக்கு என்று ஒரு போர் நிற்கிறது. பெருக்கினால் 1,200 மூடை. வாசலில் நின்று பெருக்கி எழுதிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. ஆனால் சுற்றிலும் இரண்டு மூடைத் தடிப்பும் மேலே இரண்டு அடுக்கும் மட்டும் நெல்லாக இருந்து, உள்ளே உமி மூடை நிரப்பியிருந்தால், 6 × 4 × 13, அதாவது 312 மூடை நெல்லே இல்லை. மூடைக்கு 65 கிலோ, கிலோ 120 ரூபா என்றால் ஏறக்குறைய 24 இலட்சம். ஆகவே போரின் மேல் ஏறுங்கள். நடுவில் இரண்டு வரிசையை இறக்கச் சொல்லுங்கள். குத்தூசியால் உள் மூடைகளைக் குத்தி எடுங்கள், சிலவற்றை நிறுங்கள். எண்ணும் நாளில் மற்றக் களஞ்சியத்திலிருந்து லொறி வராமல் இரண்டையும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள், இல்லாவிட்டால் காலையில் மாங்குளத்தில் எண்ணிய மூடையை மாலையில் கிளிநொச்சியில் மறுபடி எண்ணுவீர்கள். மற்றவர் நெல்லைக் கூலிக்கு அரைத்துக் கொடுக்கும் ஆலையென்றால், அந்த மூடைகளை முதலில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

பெனிஷ் குறியீடு வன்னி ஆலைக்குச் சரிவருமா?

இலாபம் திரிக்கப்பட்டதா என்று கணக்கிலிருந்தே கணிக்க மெஸ்ஸொட் பெனிஷ் 1999இல் வெளியிட்ட எட்டு விகிதங்களின் கூட்டு அது. விடை மறை 1.78ஐவிட மேலே வந்தால் சந்தேகி என்பது வழக்கம். பங்குச்சந்தைக் கம்பனிகளை வைத்துச் செய்தது. ஒரு மழை பிழைத்தாலே விற்பனை பாதியாகும் ஆலைக்கு அது வீணாக மணியடிக்கும். அதில் இரண்டை மட்டும் எடுத்தால் போதும்: வருமதி (கடனுக்கு விற்றதில் இன்னும் வராத காசு) விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா, இலாபம் இருக்க வங்கியில் காசு ஏன் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறேன், ஆலையில் பங்கு உண்டு. என்ன கேட்க வேண்டும்?

வருட முடிவுக் கணக்கை மட்டும் கேட்காதீர்கள். மாதா மாதம் வங்கிக்குக் கொடுத்த இருப்பு அறிக்கையின் பிரதி, வங்கிக் கூற்று, மின்பில், நெல் கொள்வனவுப் புத்தகத்தின் படம், தவிடு உமி விற்ற கொப்பி, வரித் திணைக்களத்துக்கு அனுப்பிய விபரத்திரட்டு. ஐந்தொகையையும் வரி விபரத்திரட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிச்சத்தை அவை சொல்லும். தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் மனஸ்தாபம் வராது. நடுவில் கேட்டால் நிச்சயம் வரும், அப்போதும் கேட்க வேண்டும்.

நான் கணக்கு எழுதுபவள். முதலாளி எண்ணை மாற்றச் சொல்கிறார். என்ன செய்வது?

வாய்ச்சொல்லில் மாற்றாதீர்கள். “இந்த 800 மூடைக்கு ஆதாரம் என்ன, எழுத்தில் தாருங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். ஐந்தில் மூன்று பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சொல்ல முடியாது. எழுதித் தந்தாலும் தராவிட்டாலும் உங்கள் கடவுச்சொல்லில் பதிவு போடாதீர்கள். நீங்கள் கேட்ட திகதியையும் பதிலையும் குறித்து வையுங்கள், கணக்காய்வாளர் கேட்டால் மறைக்காதீர்கள். நிதிக்கூற்றுகளுக்குப் பொறுப்பு பணிப்பாளர்களுடையது. ஆனால் தெரிந்தே பதிந்தவர் “சொன்னதைத்தான் செய்தேன்” என்று தப்புவதும் இல்லை.

சென்ற வருடக் கணக்கு திரிக்கப்பட்டது இப்போது தெரிகிறது. இந்த வருடச் செலவில் போட்டுச் சமாளிக்கலாமா?

பாரியதாக இருந்தால் கூடாது. கணக்கீட்டு நியமம் 8இன்படி பழைய ஆண்டின் எண்களையே திருத்திக் காட்ட வேண்டும். சென்ற மார்ச்சில் இருப்பு 20 இலட்சம் ஊதப்பட்டிருந்தால், ஒப்பீட்டுப் பத்தியில் அந்த இருப்பையும் சென்ற வருட இலாபத்தையும் 20 இலட்சத்தால் இறக்குங்கள், இந்த வருடத் தொடக்க இருப்பும் தொடக்க நிறுத்திவைத்த வருவாயும் (பங்கிடாமல் வைத்த பழைய இலாபமும்) தானாக இறங்கும், ஏன் திருத்தினோம் என்று குறிப்பில் எழுதுங்கள். சென்ற வருடம் கூட்டிக் கட்டிய வரிக்குத் திருத்திய விபரத்திரட்டுப் போட வேண்டிவரும். வங்கிக்கு அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே கடிதத்தோடு போங்கள், திருத்திய இருப்புக்கு எவ்வளவு கடன் எடுக்கலாம் என்ற கணக்கையும் கொண்டு போங்கள். மேலதிகப் பற்று அந்த எல்லையைத் தாண்டி நின்றால், எத்தனை மாதத்தில் இறக்குவீர்கள் என்பதுதான் முகாமையாளர் கேட்கப் போகும் முதல் கேள்வி.